முடக்குக்கு எத்தனை கண்

மலைப்பாதையில் ஆபத்து எந்தப் பக்கம் என்று கேட்டால் எல்லோரும் பள்ளத்துப் பக்கம்தான் கையை நீட்டுவார்கள். எனக்கு மேட்டுப் பக்கத்தின் மேல்தான் பயம். 2016 ஓகஸ்டில் நடந்த ரியோ ஒலிம்பிக் பெண்கள் வீதிச் சைக்கிளோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். விஸ்டா சினேசா மலையிலிருந்து இறங்கும்போது நெதர்லாந்தின் அன்னமீக் வான் வ்லூட்டன் தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தார். ஒரு முடக்கில், அதாவது வளைவில், சக்கரம் பிடியை விட்டது. அவர் பள்ளத்தில் விழவில்லை. பாதையோரம் உயர்த்திக் கட்டியிருந்த கொங்கிரீட் விளிம்பில் போய் விழுந்தார். மூளையதிர்ச்சி, முள்ளந்தண்டில் 3 சிறு முறிவுகள். முதல் நாள் ஆண்கள் போட்டியில் அதே மலையிறக்கத்தில்தான் முன்னணியில் இருந்த இருவர் விழுந்து எலும்பு முறிந்தார்கள். அப்படியிருந்தும் மறுநாள் பெண்களை அதே பாதையில்தான் இறக்கினார்கள்.

வான் வ்லூட்டன் தேறி வந்தார், 2022-ல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் பெம் போட்டியின் முதல் பதிப்பையே வென்றார். அது அவருடைய தைரியம். பாதையைப் பார்த்துச் சரி சொன்னவர்களுக்கு அதில் பெருமை எதுவும் இல்லை.

இப்போது நம்முடைய ஏ5 வீதியை நினைத்துப் பாருங்கள். பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை என்று போகும் வீதி. பள்ளத்துப் பக்கம் பல இடங்களில் வெள்ளையடித்த கல் கட்டு இருக்கும், அல்லது தகர வேலி இருக்கும். மேட்டுப் பக்கம் என்ன இருக்கிறது? கான், அதாவது மழைநீர் வடிகால். திறந்த கான், கொங்கிரீட் விளிம்போடு, சில இடங்களில் முழங்கால் ஆழம், சில இடங்களில் அதற்கும் மேல். மலையில் பெய்கிற மழைக்கு அந்தக் கான் இல்லாவிட்டால் வீதியே இருக்காது, அதனால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஒரு சைக்கிள்காரிக்கு அது ரியோவின் விளிம்பைவிட மோசமானது. அங்கே மோதினால் தூக்கி எறியப்படலாம். இங்கே முன்சக்கரம் உள்ளே இறங்கி நின்றுவிடும், ஆள் மட்டும் முன்னால் போவாள்.

இதையெல்லாம் நான் யோசிக்கத் தொடங்கியது சித்தப்பா மகளால். அவள் கொழும்பில் விளையாட்டு நிகழ்வு முகாமைத்துவம் படிக்கிறாள். ஒரு பயிற்சி வேலை கொடுத்திருந்தார்கள்: மலைநாட்டில் தொழில்முறைப் பெண்களுக்கு ஒரு பல்கட்டச் சைக்கிளோட்டம் நடத்துவதென்றால் பாதை பாதுகாப்பானதா என்று மதிப்பிட வேண்டும். “அக்கா, நீங்கதானே ராத்திரி எல்லாம் போன்ல சைக்கிள் ரேஸ் பார்க்கிறீங்க, நீங்களும் வாங்க” என்றாள். வண்டி ஓட்டப் பெரியப்பா மகன் அண்ணன் கிடைத்தார். ஹட்டன் பக்கத்தில் நெடுங்காலம் தனியார் பஸ் ஓட்டியவர். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: இடையில் எங்கேயும் படம் பிடிக்க நிறுத்தச் சொல்லக்கூடாது. முதல் மணி நேரத்திலேயே அந்த நிபந்தனை காற்றில் போனது.

பெண்கள் போட்டி என்றதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, “அப்ப லேசான ரோடாப் பார்க்கணுமா?” என்பதுதான். இதைப் பலரும் கேட்பார்கள், அதனால் இங்கேயே முடித்துவிடுகிறேன். பெண்கள் போட்டியில் தூரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். 2023-ல் டூர்மலே உச்சியிலும் 2024-ல் அல்ப் டுவேஸ் உச்சியிலும் அவர்கள் ஏறி முடித்தார்கள். இறக்கத்தில் வேகம் 80-ஐத் தாண்டும். 2022 டூரில் 24 அணி, அணிக்கு 6 பேர், மொத்தம் 144 பேர் புறப்பட்டார்கள். அவர்களோடு அணிக் கார்கள், நடுவர் கார்கள், மோட்டார் சைக்கிள்கள், அம்புலன்ஸ். புசல்லாவை டவுனில் ஒரு மரக்கறி லொறி நின்றாலே பின்னால் பஸ் வரிசை கட்டும். அந்த இடத்தில் இந்த ஊர்வலத்தை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பாதையை லேசாக்குவது பற்றிய பேச்சே இல்லை. பெண்கள் போட்டியில் உண்மையில் குறைவது பணம். பணம் குறைந்தால் முடக்கில் நிற்கிற ஆள் குறையும், மோட்டார் சைக்கிள் குறையும், கமெரா குறையும். மிக உயர்ந்த மட்டமான பெண்கள் உலகச் சுற்றின் போட்டி ஒவ்வொன்றும் குறைந்தது 45 நிமிடமாவது நேரடி ஒளிபரப்புச் செய்ய வேண்டும் என்று சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2020-லிருந்து கேட்கிறது. இத்தாலியின் பெரிய பெண்கள் போட்டியே அதைச் செய்ய முடியாமல் 2021-ல் ஒரு படி கீழே இறக்கப்பட்டது. ஒளிபரப்பு என்றால் விளம்பரம், வருமானம் என்று மட்டும்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அது பாதுகாப்புச் சாதனமும்கூட. வானத்திலிருந்து ஒரு கமெரா பார்த்துக்கொண்டிருந்தால், விழுந்தவள் விழுந்த நொடியே ஒருவர் கண்ணிலாவது படுவாள்.

படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2024 செப்டெம்பரைச் சொல்ல வேண்டும். சூரிச் உலகப் போட்டி, இளையோர் பெண்கள் பிரிவு, மழை நாள். சுவிட்சர்லாந்தின் முரியல் பியூரர், வயது 18, காட்டுப் பகுதியில் ஓர் இறக்கத்தில் விழுந்தார். நெடுநேரம் அவர் அங்கே கிடப்பது யாருக்கும் தெரியவில்லை. சொந்த நாட்டில், உலகப் போட்டியில்! மறுநாள் இறந்துபோனார். உலகப் போட்டிகளில் வீரர்களின் காதில் வானொலி கிடையாது, எனவே “எங்கே இருக்கிறாய்” என்று கேட்கவும் வழியில்லை. அதற்குப் பிறகு 2025 ஓகஸ்டில் சுவிட்சர்லாந்தின் ரொமாண்டி பெண்கள் போட்டியில் இடம் காட்டும் கருவியைப் பரீட்சித்துப் பார்க்க முயன்றார்கள். கருவியை யார் சுமப்பது என்று பெயர் கொடுக்க மறுத்ததற்காக 5 அணிகள் வெளியேற்றப்பட்டன. யார் பக்கம் நியாயம் என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான், அணிகள் கேட்ட கேள்விகளும் சும்மா கேட்டவையல்ல. ஆனால் அடுத்த மாதமே ருவாண்டாவின் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் எல்லோரும் அந்தக் கருவியோடுதான் ஓடினார்கள். கிகாலியும் மலை நகரம்தான். அவர்களால் முடிந்தது.

சித்தப்பா மகள் கொண்டுவந்த படிவத்தில் பாதை அகலம், சரிவு, மேற்பரப்பு, தடுப்பு என்று கட்டங்கள் இருந்தன. நான் ஓரத்தில் இன்னொரு கட்டம் கீறச் சொன்னேன்: இந்த முடக்கில் விழுந்தால் யார் பார்ப்பார்?

இறக்கத்தை இறங்கும் திசையில்தான் பார்க்க வேண்டும். ஏறிக்கொண்டே மதிப்பிட்டால் எல்லா முடக்கும் நல்ல முடக்காகத்தான் தெரியும். எனவே நுவரெலியாவிலிருந்து லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைப் பக்கம் இறங்கினோம். நுவரெலியா 1,868 மீட்டர், கம்பளை 500-ஐ ஒட்டியது. நடுவில் தேயிலை, அருவி, கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேல் விரியும் வெளி, கூடவே முடக்கு முடக்கு முடக்கு.

கூரான கொண்டையூசி வளைவுகளைக் கண்டு நான் அதிகம் கவலைப்படவில்லை. அவை தூரத்திலேயே தெரியும், எல்லோரும் பிரேக் போடுவார்கள். அண்ணன் காட்டியது வேறு ரகம். “இது கடைசியில கடிக்கும்” என்பார். உள்ளே நுழையும்போது அகலமாகத் தெரியும், பாதி வந்த பிறகு இறுகிக்கொண்டே போகும். பஸ்காரர்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்கள்தான் அகப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் காய்ந்த நல்ல கார்பெட்டில் (வழுவழுப்பான தார் வீதியில்) சுமார் 36 கிலோமீட்டர் வேகம் தாங்கும். ஈரமானால் 28-க்கு மேல் போவது சூதாட்டம். 20 மீட்டர் என்று நினைத்து நுழைந்தவளுக்கு உள்ளே போனபின் 15 மீட்டர் என்று தெரிந்தால், கழிக்க வேண்டிய வேகத்தைக் கழிக்க இடமே இருக்காது.

கார்பெட் போட்டதில் வந்த சிக்கலும் உண்டு. முன்பு குண்டும் குழியுமாக இருந்தபோது யாரும் வேகமாகப் போக முடியாது. இப்போது வீதி வழுவழுப்பு. ஆனால் கார்பெட்டின் விளிம்பு பல இடங்களில் மண்ணிலிருந்து கையளவு உயரத்தில் நிற்கிறது. சக்கரம் ஒருமுறை கீழே இறங்கினால் திரும்ப ஏறும்போது வழுக்கும். மலையேறும் பஸ்கள் காலையில் டேங்கை நிரப்பிக்கொண்டு புறப்படும், முடக்கில் சாயும்போது மூடியோரம் டீசல் சிந்தும். காய்ந்த நாளில் அது தெரியவே தெரியாது. நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் தூறல் விழுந்ததும் அந்த இடம் மட்டும் வானவில் நிறத்தில் மின்னும். அண்ணன் மோட்டார் சைக்கிளில் விழுந்து இடது முழங்கையில் தையல் போட்டது அப்படி ஓர் இடத்தில்தான். எந்த முடக்குகளில் டீசல் சிந்தும் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் தேநீர் வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் முழுப் பட்டியலும் கிடைக்கும்.

நுவரெலியாவிலிருந்து ஹக்கலை வழியாக வெலிமடைப் பக்கம் இறங்கினால் டீசலோடு மண்ணும் சேரும். லேண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம் வயலிலிருந்து நேரே வீதிக்கு ஏறும், சக்கரத்தில் ஒட்டிய சேறு நூறு மீட்டருக்கு வரிவரியாகக் கிடக்கும். கரட் கழுவி ஏற்றிய லொறி போகிற வழியெல்லாம் தண்ணீர் ஒழுக்கிக்கொண்டு போகும். வானம் வெளுத்திருக்கும், வீதி மட்டும் நனைந்திருக்கும். ஐரோப்பாவில் போட்டிக்கு முன் கூட்டும் வண்டி ஒன்று பாதையைப் பெருக்கிக்கொண்டு போகும். இங்கே போட்டி நாளன்று காலையில் தோட்ட ஆட்கள் நாலு பேர் விளக்குமாறோடு அந்தந்த இடத்தில் நின்றாலே போதும், ஆனால் எந்த இடம் என்று முதலில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

சரி, பனிமூட்டம். லபுக்கலைக்கு மேலே பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அது எப்போது இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 70 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 19 மீட்டர். கண் தெரிகிற தூரம் 40 மீட்டர் என்றால் கையில் இருப்பது இரண்டு நொடி. ஹெலிகொப்டரும் அந்த மூட்டத்தில் பறக்காது, ஆகவே மேலிருந்து பார்க்கிற கண்ணும் காயப்பட்டவரைத் தூக்குகிற கையும் ஒரே நேரத்தில் போய்விடும். கடும் வானிலைக்கென்று சர்வதேச ஒன்றியத்துக்கு 2016-லிருந்தே ஒரு நடைமுறை இருக்கிறது. ஆனால் அது கூடிப் பேசி முடிவெடுக்கிற நடைமுறை. நம் மூட்டம் கூட்டம் கூடும்வரை காத்திருக்காது. எனவே நேரத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும். காலை 8 மணிக்குப் புறப்பட்டால் 120 கிலோமீட்டர் மலைக்கட்டம் நண்பகலுக்குள் முடிந்துவிடும். ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு அந்த நேரம் பிடிக்காது. அங்கே விடியவே விடியாது. இந்த இடத்தில் பணமும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதும். எது வெல்லும் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதனால்தான் புறப்படும் நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று அவள் அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

மாதமும் அவ்வளவு லேசில் அமையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் மண்சரிவுக் காலம். மார்ச், ஏப்ரலில் பிற்பகல் இடிமழை. மிஞ்சுவது ஜனவரி கடைசியும் பெப்ரவரியும். ஆனால் டிசம்பர் முழுநிலாப் போயாவிலிருந்து மே வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவம். அந்த மாதங்களில் வார இறுதி என்றால் ஹட்டன் வழி ஏ7 வீதி யாத்திரை பஸ்களால் நிரம்பி வழியும், இரவெல்லாம் தூங்காத சாரதிகள் வேறு. எனவே பெப்ரவரி, வார நாள், போயா இல்லாத வாரம், ஏ7-ஐத் தொடாத பாதை என்று தேடிக்கொண்டே போனால் நாட்காட்டியில் ஏழெட்டுக் கட்டம்தான் தேறும். வார நாள் என்றால் பாடசாலை இருக்கும். நான் ஆசிரியை, எனக்குத் தெரியும்: ஒன்றரை மணிக்கு மணி அடித்தால் வெள்ளைச் சீருடை வீதி முழுக்க. அதற்கு முன் கடைசி அம்புலன்சும் போய்விட வேண்டும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்ட உயிர்கள், அதில் பெரும்பங்கு மலைநாட்டில். வீதிகள் பல இடங்களில் அறுந்துபோயின. அதற்கு முன் யாராவது இந்தப் பாதைகளை அளந்து வைத்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். சரிவு விழுந்த இடத்தில் மண்ணை அள்ளி வழி திறந்திருப்பார்கள், பஸ்சும் போகும். ஆனால் மேலே இன்னும் என்ன தொங்குகிறது என்பதை வீதியில் நின்று பார்த்துச் சொல்ல முடியாது. அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலை. அவர்கள்தான் மண்சரிவு அபாய வலயங்களை வரைகிறார்கள், எச்சரிக்கை விடுகிறார்கள். மதிப்பீட்டுக் குழுவில் சைக்கிள் தெரிந்தவர் ஒருவர் என்றால் மண் தெரிந்தவர் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஐரோப்பிய விதிப்புத்தகத்தை அப்படியே கொண்டுவந்தால் அந்த ஆளுக்கு அதில் இடம் இருக்காது.

இப்போது மனிதர்களுக்கு வருகிறேன், இதுதான் எனக்கு முக்கியம். நம் முடக்குகளில் கண்ணுக்குக் குறைவே இல்லை. எந்த வளைவில் வண்டி நின்றாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு ஆள் மேலேயிருந்து எட்டிப் பார்ப்பார். லயத்துப் படிகள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் படிகள், பல இடங்களில் நேரே வீதியில்தான் வந்து இறங்குகின்றன. கொழுந்து மலையில் நிற்கிற பெண்களுக்குக் கீழே உள்ள வீதி முழுதும் தெரியும், ஒரு வளைவுக்கு அப்பால் வருவதும் தெரியும். காசு கொடுத்தாலும் கிடைக்காத பார்வை அது. 2025 மே மாதம் கொத்மலை கரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும், மலைப்பாதைகளில் எந்த விபத்து நடந்தாலும், முதலில் இறங்கித் தூக்குபவர்கள் பக்கத்தில் உள்ள சனங்கள்தானே.

ஆனால் அதே கண்கள் ஆபத்தும் ஆகலாம். இறம்பொடைப் பக்கம் பூ விற்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். மேல் முடக்கில் பூங்கொத்தை நீட்டுவான், நீங்கள் வாங்காமல் போனால் தேயிலைக்கு நடுவே குறுக்கால் ஓடி அடுத்த முடக்கில் நிற்பான், அதற்கடுத்த முடக்கிலும் நிற்பான். எங்கள் தோட்டங்களில் எல்லாக் கொண்டையூசி வளைவுக்கும் இப்படி ஒரு குறுக்குப் பாதை உண்டு. போட்டி வரும் நாளில் என்ன நடக்கும்? மேலே ஒருமுறை பார்த்த சனம் முழுவதும், இன்னொருமுறை பார்க்கக் குறுக்கால் இறங்கி ஓடும். ஓடிவந்து நிற்கும் இடம் வீதியின் நடு. முதல் ஆள் போனதும் “முடிஞ்சுது” என்று வீதியைக் கடப்பார்கள், அவளுக்குப் பின்னால் இன்னும் 143 பேர் வருவது தெரியாமல். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கலாம், கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனாலும் குறுக்குப் பாதை வீதியைத் தொடும் ஒவ்வொரு வாயிலும் கயிறும் ஆளும் வேண்டும்.

2024 ஏப்ரல் 21-ஐ மலைநாட்டில் யாரும் மறக்கவில்லை. தியத்தலாவை பொக்ஸ்ஹில் மோட்டார் பந்தயத்தில் ஒரு கார் தடம் மாறிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமி. சைக்கிள் கார் அல்ல, சரி. ஆனால் அணிக் கார்கள் போட்டிக்குப் பின்னால் அதே இறக்கத்தில், கிட்டத்தட்ட அதே வேகத்தில் வரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆட்கள் எங்கே நிற்கக்கூடாது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்: வளைவின் வெளிப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது, உள்பக்கம் மேட்டின் மேல் நிற்கலாம். இதைச் சொன்னபோது அண்ணன் சிரித்தார். “வெளிப்பக்கம் நின்னாத்தானே தெரியும்” என்றார். உண்மைதான், அதனால்தான் அங்கே கயிறு.

2023 ஜூனில் சுவிட்சர்லாந்துப் போட்டியில் சைக்கிளோட்ட வீரர் ஜினோ மேடர் அல்புலா கணவாயின் இறக்கத்தில் விழுந்து இறந்த பிறகு, அடுத்த மாதம் நடந்த டூர் டி பிரான்சில் ஆபத்தான இறக்கங்களின் வளைவுகளில் மெத்தைத் தடுப்பும் ஒலி எச்சரிக்கையும் வைத்தார்கள். நாமும் வைக்கலாம். மெத்தைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஒலி எச்சரிக்கையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பனிமூட்டத்தில் கொடி தெரியாது, விசில் கேட்கும். மலையில் வளர்ந்தவர்களுக்கு விசிலடிக்கச் சொல்லித்தரவா வேண்டும்.

தொடர்பு இன்னொரு பிரச்சினை. கைத்தொலைபேசிச் சிக்னல் பள்ளத்தாக்குகளில் அறுந்து அறுந்துதான் வரும். எந்த முடக்கில் சிக்னல் செத்துப்போகிறது என்று சித்தப்பா மகள் மூன்று நிறுவனச் சிம்மையும் வைத்துக்கொண்டு குறித்துக்கொண்டே வந்தாள். இடம் காட்டும் கருவியும் அந்தச் சிக்னலை நம்பினால் அந்த முடக்குகளில் குருடாகிவிடும். எனவே அங்கெல்லாம் வோக்கிடோக்கியோடு ஆள், ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்கிற தூரத்தில். கடைசி வண்டி போனபின் ஒவ்வொருவரும் தன் துண்டுக் கானையும் கட்டுக்குக் கீழேயும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு “இல்லை” என்று சொன்னால்தான் வீதியைத் திறக்க வேண்டும். சூரிச்சில் இதைச் செய்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வரும்.

ரயில் கடவைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவை மூடியிருந்தால் எந்த வீரரும் தாண்டக்கூடாது என்பது விதி, தாண்டினால் வெளியே. 1924-ல் பதுளையை எட்டிய நம் மலைநாட்டுப் பாதையில் ரயில் எந்த நிமிடத்தில் வரும் என்று நிலைய அதிபருக்கே அன்றன்றுதான் தெரியும். கடவை இல்லாத பாதையை எடுத்துவிடுவதுதான் புத்தி.

வைத்தியசாலைகள்: நுவரெலியா, பதுளை, கண்டி. பெரிய தலைக்காயம் என்றால் எங்கே கொண்டுபோவது, எந்த வழியாக, வீதி மூடியிருக்கும்போது எப்படி என்பதை ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் எழுத வேண்டும். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்சை நம்பித் திட்டம் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது தோட்டத்தில் பிரசவ வலியில் இருக்கிற பெண்ணுக்கும் மாரடைப்பு வந்த பெரியவருக்கும் உரியது. போட்டி தன் அம்புலன்சைத் தானே கொண்டுவரட்டும். வீதியை மூடினால் அந்தப் பெண்ணை எப்படி வெளியே எடுப்பது என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். லயங்களுக்குப் பெரும்பாலும் ஒரே வழி, அந்த வழி ஏறுவது இந்த வீதியில்தான்.

முடிவுக்கோடு பற்றி நாங்கள் மூவரும் சண்டையே பிடித்தோம். பதுளையில் முடித்தால் கூட்டம் வரும் என்றாள் சித்தப்பா மகள். வரும், ஆனால் இறங்கிக்கொண்டே முடிக்க வேண்டும். 2020 ஓகஸ்டில் போலந்தின் கட்டோவிட்சேயில் இறங்கு முகமான முடிவில், தடுப்புகள் சிதறி, நெதர்லாந்து வீரர் பேபியோ யாகொப்சன் உயிருக்குப் போராடினார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் இறக்கத்தில் கோடு போட மாட்டார்கள். கோட்டுக்கு முன் 300 மீட்டர், பின் 100 மீட்டர் தடுப்பு வேண்டும் என்று விதி சொல்கிறது. நுவரெலியாவில் கிரகரி வாவியோரம் அதற்கு இடம் இருக்கிறது, வீதி மட்டம், கான்கள் பெரும்பாலும் மூடியவை. அதற்கு முந்திய 5 கிலோமீட்டரில் உள்ள வேகத்தடைகளையும் நடுக்கட்டுகளையும் என்ன செய்வது என்பது வேறு பேச்சு. 2024 பெண்கள் டூரில் நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் விழுந்தது கோட்டுக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது. அன்று 1 நிமிடம் 47 நொடி இழந்தார், கடைசியில் மொத்தப் போட்டியையும் 4 நொடியில் தோற்றார். கடைசிக் கிலோமீட்டருக்கு மட்டும் கம்பளம் விரித்துவிட்டு மீதியை மறப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

ஆகவே எங்கள் அறிக்கையில் கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் கட்டம் தேறியது. ஏறும்போது வேகம் குறைவு, கான் அவ்வளவு பயமுறுத்தாது, சனமும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இறம்பொடைச் சுரங்கத்துக்குள் வெளிச்சம் போட வேண்டும் என்று மட்டும் ஒரு குறிப்பு. ஹக்கலை இறக்கம் நிபந்தனையோடு தேறியது: விளக்குமாறு, விசில், காலை நேரம், மழை பெய்தால் அந்தத் துண்டை நடுவர் காருக்குப் பின்னால் மெதுவாக ஓட்டுவது.

எல்ல–வெல்லவாய இறக்கத்தை நான் வெட்டினேன். 2025 செப்டெம்பர் 4 இரவு அங்கே ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதை மட்டும் வைத்து வெட்டவில்லை, விபத்து நடந்த வீதியெல்லாம் வேண்டாம் என்றால் மலைநாட்டில் வீதியே மிஞ்சாது. அந்த இறக்கத்தில் நீண்ட தூரத்துக்குப் பக்க வழி இல்லை, அம்புலன்ஸ் திரும்ப இடம் இல்லை, லயங்களும் வீதியை ஒட்டி இல்லை. நான் கீறச் சொன்ன கட்டத்தில் பல முடக்குகளுக்கு நேரே எழுத ஒன்றும் இருக்கவில்லை. சித்தப்பா மகளுக்குக் கோபம். இராவணா எல்ல அருவியைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்தால் உலகமே பார்க்கும் என்றாள். விரிவுரையாளரும் அதையே கேட்டாராம். கட்டத்தைக் காட்டியதும் அவர் வேறு கேள்வி கேட்டிருக்கிறார்: அங்கே ஆள் போட எத்தனை பேர் வேண்டும், அவர்களை எங்கே தங்கவைப்பது. அதற்கு அவள் இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணனுடைய பட்டியலில் அந்த வீதியின் முடக்குகள் இல்லை, அது அவர் ஓடிய வழியல்ல. வெல்லவாயப் பக்கம் பஸ் ஓட்டியவர் யாரையாவது பிடிக்க வேண்டும்.